பெண் தொட்ட சுனை

எங்கள் மலையில் தண்ணீரே இல்லை என்று சொல்கிறவர்கள், அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள். பென்னாகரம் தாண்டி மேற்கே போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தால் அவர்கள் சொல்வது சரி என்றுதான் படும். செம்மண்ணுக்கு மேலே கருங்கல், கல்லிடுக்கில் ஊஞ்சமரம், அதற்கும் கீழே ஆடுகூட வாய் வைக்காத உன்னிப்புதர். மாசி பிறந்துவிட்டால் பச்சை என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. ஆனால் நான் அந்த மலைமேல் ஒரு முழுக்கோடை மாடுகளோடு இருந்திருக்கிறேன். தண்ணீர் அங்கே இருக்கிறது. அது நம்மைத் தேடி வராது, நாம்தான் போக வேண்டும். யாராவது குறுக்கே நின்றால் விலகச் சொல்லவும் வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் அது நடந்தது. இரண்டு வருடம் தொடர்ந்து ஐப்பசி மழை ஏமாற்றியிருந்தது. ஏரியில் பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். கிணற்றில் வாளி விட்டால் சேறுதான் வந்தது. அப்பா கிணற்று மேட்டில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, தருமபுரி ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்து, வீட்டில் கட்டிலோடு கட்டிலாக இருந்தார். தம்பி பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டான். நான் கல்யாணமாகிப் போன இடத்தில் இருக்க முடியாமல் அப்பா வீட்டுக்கே திரும்பி வந்திருந்தேன். ஏன் வந்தேன் என்பதை அப்போதும் யாருக்கும் விளக்கவில்லை, இப்போதும் விளக்கப் போவதில்லை. வந்தேன், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போது பெண்கள் என் தாலியைப் பார்ப்பார்கள், பிறகு என் முகத்தைப் பார்ப்பார்கள். நானும் அவர்கள் முகத்தைப் பார்ப்பேன்.

எங்களுக்கு இருந்த சொத்தென்றால் மாடுகள்தான். ஆலம்பாடி இனம். கருஞ்சாம்பல் நிறம், நீளமுகம், முதுகுப்பக்கம் வளைந்து போகும் கொம்பு. கல்லில் நடக்கப் பிறந்தவை. அந்த வருடம் கல்லைத் தவிர அவற்றுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. விலா எலும்பை எண்ணலாம் போல நின்றன.

ஒருநாள் காலையில் மாட்டு வியாபாரி வந்தார். கட்டுத்தறியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு அப்பாவின் கட்டிலருகே குந்திக்கொண்டார்.

“அதியமான்கோட்டையில லாரி நிக்குதுங்க. இன்னிக்கே ஏத்திட்டா ஒங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. அடுத்த வாரம்னா தோலுக்குத்தான் ஆவும்.”

அப்பா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலையசைக்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“ஏத்த வேண்டாங்க,” என்றேன். “மாட்ட மலைக்கு ஓட்டறோம்.”

“யாரு ஓட்டறது?” என்றார் வியாபாரி.

“நாந்தான்.”

அவர் சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. “ஏம்மா, ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குதா? மலப்பட்டியில பொம்பள தங்குனதா எங்கியாச்சும் கேட்டிருக்கியா?”

“கேட்டதில்லீங்கப்பா. மாடு செத்ததத்தான் கேட்டிருக்கேன்.”

அடுப்படியிலிருந்து அம்மா வெளியே வந்தாள். கையில் மாவு ஒட்டியிருந்தது. “போறவள நிறுத்தாதீங்க. வூட்டுல இருந்தா ஊரு வாயிக்கு அவலாவா. மலையில இருந்தா மாடாச்சும் பொழைக்கும்.”

மலைப்பட்டி என்பது காட்டுக்குள் மாடு அடைக்கும் இடம். முள்ளை வெட்டி வட்டமாக வளைத்துப் போட்டு, நடுவில் மாடுகளை விட்டு, வாயிலில் ஆட்கள் படுத்துக்கொள்வார்கள். கோடைக்குக் கோடை ஊருக்கு இரண்டு பட்டி, மூன்று பட்டி மேலே போகும். பட்டி கோயில் மாதிரி. செருப்போடு உள்ளே போகக் கூடாது. பெண்கள் உள்ளே காலே வைக்கக் கூடாது. களி கிண்டி மேலே கொண்டுவந்து கொடுக்கலாம், பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும். இதை யார் சொன்னார்கள் என்று கேட்டால் முனியப்பன் சொன்னார் என்பார்கள். முனியப்பன் எந்தப் பெண்ணிடமும் நேரில் வந்து சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

எங்களுக்குப் பக்கத்து ஊரில் கன்னடம் பேசும் ஒரு தம்பதி இருந்தார்கள். அவருக்கும் மாடுகள் உண்டு, மலையேறத் தயாராகிக்கொண்டிருந்தார். அவருடைய பட்டியை ஒட்டியே என் மாடுகளையும் அடைத்துக்கொள்ளலாமா என்று கேட்கப் போனேன். அவர் தலையைச் சொறிந்தார். அவர் மனைவி, என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவள், குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: “அக்கா ஒப்பளே, ஒத்தையில எப்பிடி இருப்பாங்க? நானும் வர்றேன்.”

“நீயா?” என்றார் அவர்.

“நானேதான். பட்டிக்குள்ள வரல. பக்கத்துல குடிசை போட்டுக்கறோம். முனியப்பன் கேட்டா எம்பேரச் சொல்லு.”

அவர் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு, “நான் எதையும் பாக்கல,” என்று சொல்லிவிட்டுக் கயிறு திரிக்கப் போய்விட்டார். அந்தக் கோடை முழுக்க அவர் அந்த வாக்கைக் காப்பாற்றினார்.

கிளம்பும் நாளில் அப்பா என்னைக் கட்டிலருகே கூப்பிட்டு நெற்றியில் சிலுவை போட்டார். அம்மா கேழ்வரகு மாவும் புளியும் மிளகாயும் மூட்டை கட்டிக் கொடுத்தாள்.

அந்த மலையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஊரை விட்டதும் முதலில் கரடு. சின்னச் சின்னக் கற்குன்றுகள், நடுவில் கால் வைக்கிற அளவுக்குத் தடம். கரட்டைத் தாண்டினால் பள்ளம். மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடும் மணலாறு அது. மற்ற மாதங்களில் வெள்ளை மணல் வளைந்து வளைந்து கிடக்கும். பள்ளத்தின் வழியாகவே ஏறிப் போனால் இரண்டு மலைகள் நெருங்கி வரும். அந்த இடுக்கில் மூங்கில், நாவல், கொஞ்சம் நிழல். அதற்கும் மேலே மலையின் முதுகு. முதுகில் ஏறி மேற்குப் பக்கம் எட்டிப் பார்த்தால் வெகு ஆழத்தில் காவிரி தெரியும். ஒகேனக்கல்லுக்கு வந்து பரிசலில் ஏறுகிறவர்கள் பார்க்கும் காவிரி இல்லை அது. மேலிருந்து பார்க்கும்போது சத்தமில்லாமல், வெயிலில் பளபளத்துக்கொண்டு, எட்டாத இடத்தில் ஓடும். அந்தப் பக்கச் சரிவு செங்குத்து. மனிதர்கள் வேரைப் பிடித்து இறங்கிவிடலாம். மாடு இறங்கினால் ஏறாது.

நாங்கள் பட்டி போட்டது இடுக்குக்குக் கொஞ்சம் கீழே. தண்ணீருக்குப் பள்ளத்து மணலைத் தோண்டினோம். இடுப்பளவு தோண்டியதும் ஈரம் வந்தது. இன்னும் ஒரு முழம் போனதும் ஓரங்களிலிருந்து தண்ணீர் கசிந்து குழியின் அடியில் கூடியது. அதை மொண்டு மொண்டு மரக்காடியில் ஊற்றுவோம். மாடுகள் முறைவைத்துக் குடிக்கும். வரிசை பிசகினால் கொம்பால் ஒன்றையொன்று குத்திக்கொள்ளும். சில நாள் காலையில் போனால் யானை மிதித்துக் குழி மூடிக் கிடக்கும். திட்டிக்கொண்டே மறுபடி தோண்டுவோம். கன்னடத்தில் யானையைத் திட்டுவதற்கு எத்தனை வார்த்தை இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

பங்குனி முடியும்போது மணல் ஊற்று நின்றுவிட்டது. ஆள் ஆழம் தோண்டியும் அடியில் பாறைதான் தட்டியது. அன்றைக்கு மாடுகளுக்கு அரை வயிற்றுத் தண்ணீர்தான் கிடைத்தது. மறுநாள் அதுவும் இல்லை. இலைதழை இருக்கிற முதுகுப்பக்கமாக ஓட்டிக்கொண்டு போனோம்.

அங்கேதான் எங்கள் கிழப்பசுவை இழந்தேன். எங்கள் வீட்டு மாடுகளில் பாதி அவள் வயிற்றில் வந்தவை. மேற்கிலிருந்து காற்று வந்தது. காற்றில் ஆற்று வாசனை இருந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்தது. தலையைத் தூக்கினாள். மற்ற மாடுகளை விட்டு விலகிச் சரிவை நோக்கி நடந்தாள். நான் கூப்பிட்டேன். என் குரலுக்கு நிற்காத மாடில்லை அவள். அன்றைக்கு நிற்கவில்லை. ஓடினேன். நான் போய்ச் சேருவதற்குள் கல் சரிந்தது. கீழே ஒரு பாறைத் திட்டில் போய் விழுந்தாள். நான் வேரைப் பிடித்து இறங்கிப் பக்கத்தில் போனபோது உயிர் இருந்தது. கண் ஆற்றுப்பக்கமே இருந்தது. அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன், மூச்சு அடங்கும்வரை.

மேலே ஏறி வந்தபோது அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஏனென்றால் அதே மலையில், ஒரு கூப்பிடு தூரத்தில், தண்ணீர் இருந்தது. எல்லாருக்கும் தெரியும்.

இடுக்குக்கு வடக்கே சாய்ந்த பாறை ஒன்று உண்டு. ஒரு பெரிய களம் அளவுக்கு விரிந்து, வழவழவென்று சரிந்து கிடக்கும். அதில் மேலிருந்து கீழாகக் குழிகள். மழை பெய்தால் மேல்குழி நிரம்பி வழிந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு என்று இறங்கும். கீழ்க்குழிகள் தை மாதமே காய்ந்துவிடும். மேல்குழிக்குப் பாறையே கூரை மாதிரி கவிந்திருக்கும். வெயில் படாது. மலைக்குள்ளிருந்து ஒரு பிளவு வழியாக ஊற்றும் உண்டு. நாங்கள் அதைச் சுனை என்போம், கன்னடக்காரர்கள் தொணெ என்பார்கள். எந்தக் கோடையிலும் அது வற்றியதில்லை.

அந்தச் சுனையைச் சுற்றிக் கீழூர்ப் பண்ணைக்காரர் ஒருவர் அந்த வருடம் முள்வேலி போட்டிருந்தார். மலையில் யாருக்கும் பட்டா கிடையாது. அவருக்கு மாடு அதிகம், ஆள்பலம் அதிகம், தாத்தா காலத்திலிருந்து தங்கள் மாடு குடித்த சுனை என்று ஒரு பேச்சு. அது போதும் என்று மற்றப் பட்டிக்காரர்கள் ஒதுங்கிப் போயிருந்தார்கள். அவரிடம் வேலை பார்த்த மேய்ப்பர் ஒருவர் வேலிப் படலுக்குக் காவல் இருந்தார்.

மறுநாள் வெயில் ஏறும் நேரத்தில் என் மாடுகளை நேராகப் பாறைக்கு ஓட்டினேன். பின்னாலேயே கன்னடக்காரர் மாடுகள். அவர் மனைவி என் பக்கத்தில் வந்தாள்.

மேய்ப்பர் எழுந்து வந்தார். வயதில் மூத்தவர், சாது. “வேண்டாம்மா. ஐயா வந்திருக்கறாரு. பாத்தா வம்பு.”

“வந்திருந்தா நல்லதுதாங்க. ரெண்டுதரம் பேச வேண்டியதில்ல,” என்றேன்.

பண்ணைக்காரர் அன்றைக்குப் பட்டியைப் பார்க்க மலையேறி வந்திருந்தார். கூரைப்பாறை நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தவர் எழுந்திருக்காமலே கேட்டார்: “யாரு நீ?”

அப்பா பெயரைச் சொன்னேன்.

“ஓ, புருசன் வூட்டுல வாழாம வந்தவளா? அங்க அடங்காதவ இங்க மலைக்கு வந்துட்டியா?”

“ஆமாங்க, வந்துட்டேன். மாட்டுக்குத் தண்ணி வேணும். படலத் தெறக்கச் சொல்லுங்க.”

“இது எங்க தாத்தா காலத்துச் சொனை.”

“ஒங்க தாத்தா வெட்டுனாருங்களா?”

அவர் முகம் மாறியது. எழுந்து நின்றார். “வாயி ரொம்ப நீளுது. பொம்பள கை பட்டா சொனை வத்திப் போவும், தெரியுமா? இத்தன மாடு செத்தா நீ பதில் சொல்லுவியா?”

“செத்த மாட்டுக்கு நீங்க பதில் சொல்லுங்க. நேத்து எங்க பசு அந்தச் சரிவுல வுழுந்து செத்துது, இந்த வேலி இருந்ததுனால. மொதல்ல அதுக்குச் சொல்லுங்க.”

பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை. வேலியில் கை வைத்தேன். படலைத் தேடவில்லை, என் முன்னால் இருந்த முள்ளைப் பிடித்து இழுத்தேன். கருவேல முள் உள்ளங்கையில் ஏறியது. இன்னொன்றை இழுத்தேன். என் பக்கத்தில் இன்னும் இரண்டு கைகள் முள்ளைப் பிடித்தன. அவள்தான். “பர்லி பிடு அக்கா,” என்றாள். வருவது வரட்டும், விடு என்று அர்த்தம்.

மாடுகளுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திறந்த இடத்தில் புகுந்து போய்ச் சுனையில் வாய் வைத்தன. இரண்டு நாள் தாகம். அவை உறிஞ்சும் சத்தம் கூரைப்பாறையில் மோதிக் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவே பண்ணைக்காரர் என்னென்னவோ சொன்னார். ஊர்க்கூட்டம் கூட்டுவேன் என்றார், கட்டி வைப்பேன் என்றார். பெண்ணை அடித்தார் என்ற பேர் வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, கை ஓங்கவில்லை. பொழுது இறங்கும்போது மலையை விட்டு இறங்கிப் போனார். மேய்ப்பர் என் கையிலிருந்த முள்ளை இன்னொரு முள்ளால் குத்தி எடுத்துவிட்டார்.

செய்தி பரவியது. மற்றப் பட்டிக்காரர்களும் ஒவ்வொருவராக மாடுகளைச் சுனைக்கு ஓட்டி வந்தார்கள். வேலியைத் தொட அஞ்சியவர்களுக்கு வேலி போன பிறகு வர அச்சமில்லை. அது எனக்குத் தெரிந்ததுதான்.

பிறகு, ஒரு வாரம் போலாகியிருக்கும், சுனையில் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. பாறையில் பழைய தண்ணீர் நின்ற கோடு வெள்ளையாகத் தெரிந்தது. தண்ணீர் அதற்கு மிகக் கீழே கிடந்தது. ஒவ்வொரு நாளும் இன்னும் கீழே. இதே பட்டிக்காரர்கள் இப்போது வேறு விதமாகப் பேசினார்கள்.

“சொன்னாருல்ல? பொம்பள கால வெச்சா இப்பிடித்தான்.”

“வாழாவெட்டி தொட்டது வேற.”

என் காதுபடவே சொன்னார்கள். என் கன்னடத் தோழி குடிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அக்கா, நெஜமாலுமே நம்மளாலயா?” என்றாள்.

“நம்மளாலன்னா இத்தன நாளு குடிச்ச மாடுங்க வயித்துல போனது என்னா?” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். ஆனால் அத்தனை பேர் ஒரே வார்த்தையைச் சொல்லும்போது கல்லுக்கும் சந்தேகம் வரும். எனக்கும் வந்தது, அதுதான் எரிச்சலை மூட்டியது. சந்தேகத்தோடு குடிசையில் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. எழுந்து போய்ச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எல்லாரும் பார்க்க, சுனைக்குள் இறங்கினேன்.

யாரோ “ஐயய்யோ” என்றார்கள்.

தண்ணீர் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தது. ஆனால் என் கால் நிற்கவில்லை. உள்ளே போனது. முழங்கால் வரை சேறு, அதற்கும் கீழே இன்னும் சேறு. மூங்கில் கழியை வாங்கிக் குத்திப் பார்த்தேன். என் உயரத்துக்குக் கழி உள்ளே போன பிறகுதான் கல் தட்டியது. வருடக்கணக்காக மழை கொண்டுவந்து தள்ளிய மண்ணும் சருகும் அங்கே தங்கியிருக்கின்றன. சுனை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது ஒரு சேற்றுக்கிண்ணத்தின் மேலாடை. ஊற்று வரும் பிளவு அதற்குள் எங்கோ மூடிக் கிடக்கிறது.

“தூர் வாரணும்,” என்றேன். “மொத்தத்தையும்.”

மேய்ப்பர்தான் கேட்டார்: “இருக்கற தண்ணிய எறைச்சாத்தான் தூரு வார முடியும். அதையும் எறைச்சிட்டா மாட்டுக்கு என்னாத்தக் குடுப்பம்மா?”

“கீழக் குழிங்களுல ஊத்தி வெக்கலாங்க. ரெண்டு நாளைக்குத் தாங்கும்.”

“அதுக்குள்ள ஊத்துக்கண்ணு கெடைக்கலீன்னா?”

“எல்லா மாட்டையும் நானே ஊருக்கு ஓட்டிக்கிட்டுப் போயி, நாந்தான் கெடுத்தேன்னு ஊருக்கு நடுவுல நின்னு சொல்றேன். போதுங்களா?”

யாரும் இறங்கவில்லை. நானும் என் தோழியும் எண்ணெய் டின்னை வெட்டி இறைக்க ஆரம்பித்தோம். எதையும் பார்க்காத அவள் புருஷன் மண்வெட்டியோடு வந்து எங்களுக்குக் கீழே நின்று கீழ்க்குழியின் ஓரங்களை அடைத்தார். கலங்கல் தண்ணீர் பாறையில் வழிந்து போய் அங்கே தேங்கியது. மலையில் இருந்த கடைசித் தண்ணீரை என் கையாலேயே வெளியே ஊற்றிக்கொண்டிருந்தேன். கை நிற்கவில்லை.

சேறு அள்ள ஆரம்பித்தபோது கூடையின் அந்தப் பக்கத்தை ஒருவர் பிடித்தார். பண்ணைக்காரரின் மேய்ப்பர். கோவணத்தை இறுக்கிக்கொண்டு உள்ளே இறங்கினார். அதற்குப் பிறகு இன்னும் சிலர் வந்தார்கள். சிலர் கடைசிவரை கரையிலேயே நின்றார்கள். சேற்றுக்குள்ளிருந்து மான் கொம்பு வந்தது, பானை ஓடு வந்தது, துருப்பிடித்த மாட்டு மணி ஒன்று வந்தது. நாற்றம் தாங்கவில்லை. என் தோழி மூக்கை மூடச் சேலையைக் கட்டிக்கொண்டு பாடிக்கொண்டே வாரினாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் கல் தெரிந்தது. சுனையின் பின்சுவரில், என் முழங்கால் உயரத்தில், ஒரு பிளவு. அதற்குள் அத்திவேர் விரல் விரலாக நுழைந்து மண்ணைப் பிடித்து அடைத்திருந்தது. கன்னடக்காரர் அரிவாளால் வேரை அறுத்தார். நான் விரலை விட்டு மண்ணைத் தோண்டினேன். ஒன்றும் வரவில்லை. இன்னும் தோண்டினேன். நகம் பிய்ந்தது. பிறகு விரல் நுனியில் குளிர்ச்சி பட்டது. கருப்பாகக் கொஞ்சம் சேறு வழிந்தது. அப்புறம் பழுப்பாக. அப்புறம் நிறமில்லாமல்.

“நீரு பந்த்து!” என்று கத்தினாள் அவள். “அக்கா, நீரு பந்த்து, தண்ணி வந்துருச்சு!”

அருவி மாதிரியெல்லாம் கொட்டவில்லை. ஒரு பெருவிரல் தடிமனுக்கு ஒழுகியது. ஆனால் நிற்காமல் ஒழுகியது. மறுநாள் விடிந்தபோது சுனையின் அடியில் இடுப்பளவு தண்ணீர், கல் தெரிகிற தண்ணீர், நின்றது. மாடுகள் உள்ளே இறங்கிக் கலக்கக் கூடாது, மொண்டு கீழ்க்குழியில் ஊற்றித்தான் காட்ட வேண்டும், பட்டிக்குப் பட்டி முறை என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். பண்ணைக்காரர் மாடுகளுக்கும் முறை உண்டு. தண்ணீரில் பழி தீர்க்கும் வழக்கம் எனக்கில்லை.

சேதி கேட்டுப் பண்ணைக்காரர் மறுபடி மலையேறி வந்தார். கூட இரண்டு பேர். சுனையை எட்டிப் பார்த்தார். கரையில் குவிந்து கிடந்த சேற்றைப் பார்த்தார். என்னைப் பார்க்காமல், கூட வந்தவர்களிடம் சொன்னார்: “நாந்தான் தூரு வாரச் சொல்லி ஆளு அனுப்புனேன். சரியாத்தான் வாரியிருக்கறாங்க.”

எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. “ஆளு அனுப்புனீங்களா? எங்கீங்க அந்த ஆளு? நான் பாக்கவேயில்லீங்களே.”

“இதா நிக்கறானே,” என்று மேய்ப்பரைக் காட்டினார்.

மேய்ப்பரின் கை கால் எல்லாம் காய்ந்த சேறு. தலைகுனிந்து நின்றார். அவர் சும்மா இருந்திருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். அவர் சாப்பாடு பண்ணைக்காரர் கையில் இருந்தது. ஆனால் அவர் தலையை நிமிர்த்தினார்.

“நீங்க அனுப்பலீங்க ஐயா. நானாத்தான் எறங்குனேன்.”

பண்ணைக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வெயிலில் மலையில் கிடந்து அத்தனை மாட்டையும் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடைக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் இறங்கிப் போய்விட்டார்.

கீழே போய் என்ன சொன்னார் என்பது பிறகு தெரிந்தது. சுனையைத் தூர் வாரி ஊற்று கண்டவர் என்று அவர் ஊரில் அவருக்குத்தான் பேர். அவர் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்கிறார்கள். சொல்லட்டும். நான் இருக்கும்வரை இல்லை என்று சொல்வேன், இதோ எழுதியும் வைக்கிறேன்.

வைகாசிக் கடைசியில் மழை வந்தது. மேற்கே கர்நாடகப் பக்கம் முதலில் கறுத்தது. இடி மலைக்கு மலை தாவிக்கொண்டு வந்தது. மழை பெய்ய ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அந்தப் பாறை முழுக்க வெள்ளையாக வழிந்தது. நானும் என் தோழியும் நனைந்துகொண்டே நின்று பார்த்தோம். மேல்குழி நிரம்பி, அடுத்தது நிரம்பி, அதற்கடுத்தது நிரம்பி, கடைசியில் பள்ளத்தில் போய் விழுந்தது. நாங்கள் மணலைப் பிறாண்டித் தண்ணீர் தேடிய பள்ளத்தில் மரத்தையே உருட்டிக்கொண்டு வெள்ளம் போனது. வடியும்வரை ஒருநாள் கரையில் காத்திருந்துவிட்டு மாடுகளை இறக்கினோம். கிழப்பசுவைத் தவிர எல்லாம் நடந்தே வீடு வந்தன. இரண்டு பசுக்கள் சினையாக இருந்தன.

அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாக முதுகில் கை வைத்துப் பார்த்தார். கிழப்பசுவைக் கேட்டார். சொன்னேன். “நான் போயிருந்தா அந்த வேலியத் தொட்டிருக்க மாட்டேம்மா,” என்றார். அவர் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே புகழ்ச்சி அதுதான்.

அடுத்து வந்த மார்கழியில், பட்டிகளுக்கு முறை பேச அடிவாரத்து முனியப்பன் கோயில் முன்னால் பட்டிக்காரர்கள் கூடினார்கள். வருடா வருடம் கூடுவதுதான். பெண்கள் போவதில்லை. கோயில் எங்களுடையதும் இல்லை. நான் போனேன். புளியமரத்தடியில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். பண்ணைக்காரரும் இருந்தார்.

“பொம்பளைக்கு இங்க என்னா வேல?” என்றார்.

“வேல இருக்குதுங்க. மறுபடி சேறு சேந்திருக்கும். தூரு வார என்னிக்கி வர்றீங்கன்னு கேக்க வந்தேன்.”

யாரோ ஒருவர் சிரித்தார். மேய்ப்பர் தான் உட்கார்ந்திருந்த கல்லில் ஒதுங்கி இடம் விட்டார். உட்கார்ந்தேன். வெகுநேரம் பேச்சு நடந்தது. முடிவில், பொங்கல் கழித்து வரும் முதல் திங்கட்கிழமை பட்டிக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு பாறைக்கு வர வேண்டும் என்று பேசினார்கள். பண்ணைக்காரர் அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தத் திங்கட்கிழமை அவர் பட்டியிலிருந்தும் ஆள் வந்தது.

அந்தக் கோடையும் நான் மலையேறினேன். யாரிடமும் கேட்கவில்லை. இடுக்கைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். பின்னால் வந்த பட்டிகளோடு இன்னும் மூன்று வீட்டுப் பெண்கள் தலையில் மூட்டையோடு ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.